ஓர் ஆங்கில ஊரின் வரலாறும் என் பொய்யும்

கிரீன் கார்டு வந்த செய்தி கேட்டுப் பயந்துபோன ஒரே தமிழன் நியூ ஜெர்சியில் நானாகத்தான் இருப்பேன். பதினான்கு வருடம் காத்திருந்தோம். தபால் கவரைப் பிரித்த என் மனைவி இரண்டு அட்டைகளையும் சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு சிங்க்கில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமே சாக்கு ஒண்ணும் கெடையாது. ஏப்ரல்ல போலாங்களா?" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கத் தேவையில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். "போலாம்மா. ஆனா யூகே விசா வேற எடுக்கணும்" என்றேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த விசா வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டென்று ஞாபகம் வந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அது எந்த நல்ல மனிதனுக்கும் வராது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூத்த பெண்ணை இங்கிலாந்தில் புதைத்திருக்கிறது. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று என் மனைவியிடம் இருபத்து மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன்.

நியூ ஜெர்சிக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊரில் இரண்டு வருடம் இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். பஞ்சாலைகளை எல்லாம் எப்போதோ மூடிவிட்டார்கள். மூடிய ஆலை ஒன்றில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒரு வங்கியின் பழைய புரோகிராம்களைச் சரிசெய்துகொண்டிருந்தோம். ஈரோட்டில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், கடைசியில் தறியே இல்லாத ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் என் மனைவியும் வந்து சேர்ந்தாள். பேச ஆளில்லை, குளிர் வேறு. சனிக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவுக்கு நடந்து போவோம்.

அங்கே பவுல்ஸ் விளையாடும் ஒரு புல்தரை இருந்தது. அறுபது எழுபது வயதுக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிடுவார்கள். பிறகு ஆளுக்கு ஆள் பெரிய பந்துகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி உருட்டுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். பந்து நேராகப் போகாது, வளைந்துதான் போகும். உருட்டிவிட்டவர் சும்மா இருக்க மாட்டார். பந்துக்குப் பின்னாலேயே நடந்து போய், "வா, வா, போதும், நில்லு" என்று அதனிடம் பேசுவார். "நம்மூருல இந்த வயசுல கோயிலுக்குப் போவாங்க. இவங்க பந்து பின்னாடி போறாங்க பாருங்க" என்று என் மனைவி சிரிப்பாள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, அந்தப் பெரியவர்களில் ஒருவர் தன் மடக்கு நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டு நின்றபடியே பார்ப்பார். பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

பிப்ரவரியில், நாள் ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே, குழந்தை பிறந்தது. ஒன்றரை நாள் இருந்தது.

ஈரோட்டுக்குப் போன் செய்தேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை, பெரியப்பாதான் எடுத்தார். அவர் அழவில்லை. செய்யவேண்டியதை வரிசையாகச் சொன்னார்.

"கண்ணு, அது பச்ச மண்ணு. எரிக்கக் கூடாது, மண்ணுலதான் வெக்கணும். பேரு வெக்காதே. போட்டோ கீட்டோ எடுக்காதே. பெத்தவ அந்தப் பக்கமே வரக்கூடாது. நீயும் குழிகிட்ட நிக்காதே. யாரு கையிலயாச்சும் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு. பாத்தியின்னா அது உங்க பின்னாடியே வரும். அடுத்தது தங்காது."

எங்கள் பக்கம் அப்படித்தான். ஊரில் என்றால் ஒரு மாமனோ சித்தப்பனோ துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போவார். பெற்றவனுக்கு இடம் தெரியாதே தவிர, நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். என்றைக்காவது ஒருநாள் கேட்டால் கையைக் காட்டுவார்கள். அந்த ஊரில் எனக்கு மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. ஆஸ்பத்திரிதான் இருந்தது.

ஒரு நர்ஸம்மா என்னைச் சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, அடக்கத்தை அவர்களே செய்துவிட முடியும் என்றார். நாங்கள் வந்து கூட நிற்கலாம், ஏதாவது படிக்க வேண்டும் என்றால் படிக்கலாம் என்றார். படிவத்தில் 'வரவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டார். தலையாட்டினேன். கதவு வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறப்பையும் இறப்பையும் ஒரே மேஜையில் பதிந்தார்கள். குழந்தையின் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டார். இல்லை என்றேன். அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் முத்திரையோடு ஒரு வெள்ளைக் கவர் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்குக் கீழே கிடந்தது. என் மனைவி மாடியில் படுத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: எந்த இடம், எந்த வரிசை, என்ன எண். பிரித்தால் திரும்பிப் பார்த்தது ஆகிவிடும் என்று நினைத்தேன். இருபத்தொன்பது வயது, எஞ்சினியரிங் டிகிரி, வங்கிக்குப் புரோகிராம் எழுதுகிறவன், அப்படித்தான் நினைத்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் அதை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இந்தக் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்று நான் நினைப்பது அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

அதுவரை ஒன்றும் கேட்காதவள், சரியாக அந்த வாரம்தான் கேட்டாள். கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கங்க வெச்சீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது. "ஊருக்கு அந்தாண்ட ஒரு செமெட்டரி இருக்கு. நல்ல எடம். நம்ம பார்க்ல பாக்கறோம்ல, அதே மாதிரி பவுல்ஸ் தரை ஒண்ணு காம்பவுண்ட ஒட்டியே இருக்கு. பெரியவங்க வெளையாடிட்டே இருப்பாங்க. தனியா இருக்காது."

"நீங்க கூட நின்னீங்களா?"

"நின்னேன்."

அவள் கஞ்சியைக் குடித்தாள். அந்த மூன்று வாரத்தில் முதல்முறையாக முழு டம்ளரையும் குடித்து முடித்தாள். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

நாலு மாதத்தில் அமெரிக்கா வந்துவிட்டோம். முதலில் ஜெர்சி சிட்டி, பிறகு வெஸ்ட் வின்ட்சர். இங்கே இரண்டாவது பெண் பிறந்தாள். தங்கினாள். இப்போது பத்தொன்பது வயது, காலேஜ். பெரியப்பா சொன்னது பலித்துவிட்டது என்று அவள் பிறந்த அன்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டேன்.

என் மனைவி அழுது புலம்புகிறவள் அல்ல. இரண்டாவது பெண்ணிடம் விவரம் தெரிந்த வயதிலேயே, "உனக்கு ஒரு அக்கா இருந்தா" என்று சாதாரணமாகச் சொல்லி வளர்த்தாள். செல்போனில் வானிலை பார்க்க முடிந்த நாளிலிருந்து, அவள் போனில் வெஸ்ட் வின்ட்சருக்குக் கீழே அந்த இங்கிலாந்து ஊரும் இருக்கும். காலைக் காபியோடு இரண்டையும் பார்ப்பாள். "அங்க இன்னிக்கு மழைங்க. யாரும் வெளையாட வர மாட்டாங்க." இல்லையென்றால், "நல்ல வெயிலு. பெருசுங்க எல்லாம் வந்திருக்கும்." நான் பேப்பரைப் பார்த்தபடி உம் கொட்டுவேன். என் பொய் எங்கள் டைனிங் டேபிளில் தினமும் எங்களோடு உட்கார்ந்து காபி குடித்தது.

போய்ப் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லாத வருடம் இல்லை. எனக்கு விசா கைகொடுத்தது. வெளியே போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்ளலாம், வேலை போய்விடலாம், குழந்தையின் படிப்பு என்ன ஆவது. எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் சொல்வதுதானே? அதனால் அவள் நம்பினாள். இந்தியாவுக்கே மூன்று முறைதான் போனோம், மூன்றும் சாவுக்கு. "திரும்பும்போது லண்டன்ல எறங்கிப் போலாமா" என்று ஒருமுறை கேட்டாள். "கிரீன் கார்டு வரட்டும்மா" என்றேன். அது வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

இனி என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன், பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நியூயார்க்கில் ஆபீசுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து அந்த ஊரின் பெயரை இணையத்தில் போட்டுத் தேடினேன். அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் வரலாற்றுக் குழு ஒன்று அகப்பட்டது. பழைய போட்டோக்களைப் போட்டு, இது எந்தத் தெரு, இந்தக் கடையில் இப்போது என்ன இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். சேருவதற்கு ஒரு கேள்வி: உங்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? 'இரண்டு வருடம் வசித்தேன்' என்று எழுதினேன்.

இடுகாட்டைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. முதல் வாரம் யாரோ நாங்கள் வேலை பார்த்த ஆலையின் போட்டோவைப் போட்டு, இதன் பின்வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், சொன்னேன். பத்துப் பேர் நன்றி சொன்னார்கள். அப்படியே பழகிவிட்டது. கேட்க வந்தவன் பதில் சொல்கிறவனாகிவிட்டேன்.

போகப் போக எனக்குத் தெரியாதது இல்லை என்றானது. எந்த நடனக் கூடம் எப்போது பிங்கோ ஆடும் இடமாக மாறியது, ஞாயிற்றுக்கிழமை பித்தளை வாத்தியக் குழு எந்தத் தெரு வழியாகப் போகும், புறாப் பந்தயக்காரர்கள் புறா வீடு திரும்பிய நேரத்தை எப்படிப் பதிவார்கள், ஊரே ஒரு வாரம் ஆலையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போகும் விடுமுறையில் யார் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், எல்லாம் தெரியும். நான் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரைப் பற்றி ஒரு வரி தெரியாது. பெயரைப் பார்த்தால் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் வைத்தது என்று தெரிகிறது; அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் நான் புறாக்களைப் பற்றி அரை மணி நேரம் பேசியதைக் கேட்ட ஒருவர், "சார், அங்க ஏதாச்சும் வீடு கீடு வாங்கிப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாவற்றிலும் என் தனித் துறை பவுல்ஸ் தரைகள். காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். அந்த ஊரில் ஆலைக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று ஏகப்பட்ட தரைகள் இருந்தன. பழைய வரைபடங்களை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். இடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒன்றாவது இருந்துவிட்டால், என் பொய் பாதியாவது உண்மையாகிவிடும் என்ற ஆசை. இல்லை. சர்ச் கல்லறைக்குப் பக்கத்தில் ஒன்று இருந்திருக்கிறது. அதையும் நாங்கள் அங்கே போவதற்கு முன்பே தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இந்தத் தேடலுக்கு எனக்கு அந்தக் குழுவில் பெரிய மரியாதை. பவுல்ஸ் என்றாலே "நியூ ஜெர்சிக்காரரைக் கேளுங்கள்" என்பார்கள்.

சில சமயம் நான் லேப்டாப்பில் போட்டோ பார்க்கும்போது என் மனைவி பின்னால் வந்து நின்று குனிந்து பார்ப்பாள். புல்தரை, தொப்பி போட்ட கிழவர்கள், பின்னால் ஏதாவது ஒரு சுவர்.

"இதுங்களா?"

"இல்லம்மா. இது வேற."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சமயங்களில் எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

கிரீன் கார்டு வந்து, ஏப்ரல் என்று அவள் நாள் குறித்த பிறகு, வேறு வழியில்லாமல் எழுதினேன். குழுவுக்கு அல்ல, அதில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாருக்குத் தனியாக. ஒன்பது வருடமாக எனக்கும் அவருக்கும் சச்சரவும் சிநேகிதமும் உண்டு. டிராம் எந்த மூலையில் திரும்பியது என்று ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். ரயிலில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் எழுத ஆரம்பித்தேன். அழித்தேன், எழுதினேன். நியூவர்க் தாண்டி, ஆற்றுக்குக் கீழே சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தால் சிக்னல் போய்விடும் என்று அவசரமாக அனுப்பினேன். குழந்தை, டிக் அடித்த படிவம், கிழித்த கவர், பவுல்ஸ் தரை, எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். ஒரு மனிதரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை.

இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் இடுகாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு மேற்கே குன்றின் மேல் இருக்கும் பெரிய இடுகாடு. பகுதியும் எண்ணும் எழுதியிருந்தார். பிறந்த சில நாளில் போன குழந்தைகளைச் சேர்த்து வைத்த குழி அது, கூட இன்னும் சில குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார். நம் வழக்கப்படி குழந்தைக்குக் குடும்பப் பெயராக என் பெயரைத்தானே எழுதியிருந்தார்கள்? அதனால் பதிவேட்டில் முன்னால் ஒரு கோடும், பின்னால் என் பெயரும் இருந்தன. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: இதை நீங்கள் முதல் வருடமே கேட்டிருக்கலாமே, எனக்கு ஒரு காலைப் பொழுது வேலைதானே?

ஒன்பது வருடம் நான் தேடியதாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே நான் காட்டிக்கொண்ட வேடிக்கை. அன்று ஆபீஸ் போகாமல் நியூயார்க் பென் ஸ்டேஷனிலேயே திரும்பும் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமை. கிரீன் கார்டுக்காக வேண்டிக்கொண்ட அர்ச்சனையைச் செய்யப் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போயிருந்தோம். கீழே கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறினோம். அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஹோட்டல் புக் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பவுல்ஸ் தரைக்குப் பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்டாள். நான் காரை ஸ்டார்ட் செய்யவில்லை. சொன்னேன்.

முழுவதும் கேட்டாள்.

"அப்ப அந்தத் தரை?"

"இல்லம்மா."

"பெருசுங்க?"

"யாரும் இல்ல. குன்று மேல இருக்கு."

"நீங்க நிக்கவேயில்ல."

"நிக்கல."

வெளியே யாரோ ஒரு குடும்பம் புதுக் காருக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"இருவத்து மூணு வருஷமா யார் வீட்டு வாசல்லயோ நின்னு பேசிட்டு இருந்திருக்கேன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். போய்விடப் போகிறாள் என்று பயந்தேன். பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். "வீட்டுக்கு ஓட்டுங்க" என்றாள். 206-ஆம் நம்பர் ரோட்டில் வீடு வரும்வரை டாக்ஸிக்காரனைப் போல ஓட்டினேன். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மகளுக்கு அவளே போனில் சொல்லியிருக்கிறாள். அடுத்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தவள் என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, யூ ஹேட் த லெட்டர் இன் யுவர் ஹேண்ட்?" என்று கேட்டாள். தமிழில் திட்டினால் வாங்கிக்கொள்வேன். அந்தக் குரலில் திட்டு இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பெரியப்பா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே அது அர்த்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி முடிவைச் சொன்னாள். "நானும் இவளும் போறோம். நீங்க வர வேண்டாம்."

"நான் வந்தா வழி காட்டுவேன்ல..."

"அன்னிக்கு அவ பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்னு இருந்துச்சு. அப்ப வராதவரு இப்ப எதுக்கு?"

மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு விசா வேண்டாம்; என் மனைவியின் விசா படிவத்தை நான்தான் நிரப்பினேன். பயணத்தின் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. சுற்றுலா, வியாபாரம், படிப்பு என்று வரிசையாக இருந்ததில் 'குடும்பத்தினரைப் பார்க்க' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த விஷயத்தில் நான் வெட்கப்படாமல் நிரப்பிய முதல் படிவம் அது.

ஏப்ரலில் நியூவர்க் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். மகள் கட்டிப்பிடித்தாள். என் மனைவி, "ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு, புளிக்கறதுக்குள்ள ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் காலை, இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள்தான்.

"ஏங்க, ஸ்டேஷன் வாசல்ல நிக்கறோம். இவ போன்ல மேப்பு சுத்திட்டே இருக்கு. பஸ் எங்க ஏறணும்?"

அடுப்பை அணைத்தேன். "எதுத்தாப்புல மணிக்கூண்டு வெச்ச கட்டடம் தெரியுதா? முன்னாடி கூட்டுறவுக் கடை, இப்ப போன் கடையா இருக்கும். அதுக்கு எடது பக்கம் போங்க. மூணாவது ஷெல்டர்."

"ம், தெரியுது."

"பஸ் மாடியில ஏறி எடது பக்கம் உக்காருங்க. ஆலைச் சிம்னி தாண்டினதும் ஏத்தம் வரும். ஒரு சர்ச் வரும், அதுக்கு அடுத்த ஸ்டாப்பு. எறங்கினதும் ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கும், அதுல போகாதீங்க, படி ஒடைஞ்சிருக்கு. ரோட்டோட மேல போங்க. பெரிய கேட்டு வரும்."

அவள் போனை வைக்கவில்லை. பஸ்ஸில் யாரோ இறங்குவதற்கு மணி அடிப்பதும், மகள் "சிம்னி, அம்மா" என்று காட்டுவதும் கேட்டது. நான் சமையலறையில் நின்றபடி அவர்களோடு அந்த ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். சர்ச் வந்தது. இறங்கினார்கள். காற்று போனில் மோதியது. நடக்கும் மூச்சு கேட்டது.

"கேட்டு வந்துருச்சு. அந்த லைப்ரரி அம்மா குடை வெச்சுட்டு நிக்கறாங்க. சரி, வெக்கறேன்."

"ஒரு நிமிஷம்மா, நானும்..." என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சமைத்தாள், பேசினாள். அங்கே குளிர் குறைந்துவிட்டதாம், பூங்காவில் இப்போது நாய்கள்தான் ஓடுகின்றனவாம், மீன் கடையில் உப்பு அதிகமாம். கேட்டுக்கு வெளியே இருந்த ஊர் முழுவதையும் சொன்னாள். உள்ளே நடந்த ஒன்றையும் சொல்லவில்லை. போனில் ஆயிரம் போட்டோ எடுக்கும் மகளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "அம்மா ஆஸ்க்ட் மீ நாட் டு, அப்பா" என்றாள்.

பொறுக்க முடியாமல் அந்த நூலக அம்மையாருக்கு எழுதினேன். கல் ஏதாவது இருக்கிறதா, புல்லா மண்ணா, பக்கத்தில் என்ன இருக்கிறது, என் மனைவி அழுதாளா, எவ்வளவு நேரம் நின்றாள், ஒரு போட்டோ இருந்தால் போதும் என்று எழுதினேன். எந்தக் கேள்விக்கும் பத்து வரி எழுதுகிறவர் மூன்று வரிதான் எழுதியிருந்தார். மன்னிக்கவேண்டும், என்னால் முடியாது. நீங்கள் எனக்கு எழுதுவீர்கள் என்று உங்கள் மனைவிக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்குத் தெரியவேண்டும் என்றால் அவரிடமே நேராகக் கேட்கவேண்டுமாம், கேட்டால் சொல்வாராம்.

அது வந்து ஏழு வாரம் ஆகிறது. தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறோம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் இன்னும் கேட்கவில்லை.